வண்டியில் மிச்சமிருந்தவர்கள்

பழைய வண்டிகளில் ஆட்கள் மிச்சமிருக்கத் தொடங்கிய வருடத்தில்தான் கல்லாங்காட்டுவலசு நாச்சிமுத்துவுக்குப் பெரிய வண்டி ஒன்று வேண்டியிருந்தது. வேண்டும் என்று சொன்னவர் கல்யாணத் தரகர் அர்த்தநாரி. மஞ்சள் விளைகிற தோட்டமும் வற்றாத கிணறும் வைத்துக்கொண்டு நாற்பதைத் தாண்டியும் பெண் அமையாமல் நின்றுபோன மாப்பிள்ளைகள் அந்தப் பக்கத்தில் ஊருக்குப் பத்துப் பேர் இருந்தார்கள், அத்தனை பேருடைய ஜாதகமும் அவருடைய துணிப்பைக்குள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு கிடந்தது, அதில் எது முதலில் வெளியே வரும் என்பதை மாப்பிள்ளையின் முகம் தீர்மானிப்பதில்லை, வாசலில் வந்து நிற்கிற வண்டிதான் தீர்மானிக்கிறது என்பது இத்தனை வருடத் தொழிலில் அவர் கண்ட உண்மை.

"மொபெட்டுல போயி எறங்குனா மோரு கூடக் கெடைக்காது, நாச்சிமுத்து. ஏழு பேரு ஒரே வண்டீல போயி எறங்கோணும். மூணு பேரு போனா, பாவம் ஆளில்லாதவன்பாங்க. ரெண்டு வண்டீல போனா, எரவல் வாங்கிட்டு வந்துட்டான்பாங்க," என்றார்.

"ஏழு பேருக்கு நான் எங்கீங்க போவேன்?" என்று கேட்டான் நாச்சிமுத்து.

"அதை நான் பாத்துக்கறேன். நீ வண்டியப் பாரு."

அவன் தனிக்கட்டை. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார், அம்மா போய் மூன்று வருடம். தோட்டத்து நடுவிலிருந்த சாளை வீட்டில் ஒற்றை ஆளாகச் சமைத்து, ஒற்றை ஆளாகத் தின்று, ஒற்றைத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, மறுநாள் அதே தட்டை எடுப்பான். வேலைக்கு வருகிறவர்கள் வெயில் சாய்ந்தால் போய்விடுவார்கள். சில நாட்கள் காலையில் யாரிடமாவது பேச வாயைத் திறக்கும்போது, தொண்டை கட்டிக்கொண்டு முதல் வார்த்தை வராது. முந்தின நாள் சாயங்காலத்துக்குப் பிறகு அதற்கு வேலையே இருந்திருக்காது. இதையெல்லாம் யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால், கல்யாணம் ஆகாதவன் அப்படித்தான் புலம்புவான் என்பார்கள்.

வண்டிகளில் ஆட்கள் மிச்சமிருப்பது எப்படித் தொடங்கியது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள், ஆகவே கேட்காமலிருப்பது நல்லது. யாராவது தன் வண்டியை விற்றுவிட்டுப் போனால், வாங்கியவன் கதவைத் திறக்கும்போது உள்ளே ஏதாவது ஒரு இருக்கையில் விற்றவன் வீட்டு ஆள் ஒருவர் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். செத்தவர் இல்லை, பேயும் இல்லை. அசல் ஆள் அவர் வீட்டில் நன்றாகத் தின்று தூங்கிக்கொண்டிருப்பார், இங்கே அவருடைய மிச்சம் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு, எப்போதோ அந்த வண்டியில் பேசிய பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருக்கும். தொட்டால் கை உள்ளே போகும். கூப்பிட்டால் திரும்பாது.

முதலில் கொஞ்சம் ஆடிப்போனார்கள். வேப்பிலை அடித்தார்கள், மஞ்சள்நீர் தெளித்தார்கள், சீட்டுக் கவர் நனைந்ததுதான் மிச்சம். பிறகு சோதனைச் சாவடியில் ஒரு பிரச்சினை வந்தது: மிச்ச ஆளையும் சேர்த்து எண்ணினால் அதிக ஆள் ஏற்றிய வழக்கு வருமா வராதா என்று ஒரு வாரம் வாதாடி, சீட் பெல்ட் போட முடியாதவர் ஆளே இல்லை என்று முடிவுக்கு வந்தார்கள். அப்புறம் பழகிவிட்டது. பெருந்துறைப் பக்கம் ஒரு வீட்டில், வாங்கிய வண்டியின் பின்சீட்டிலிருந்து ஒரு பெரியவர் போகிற வழியெல்லாம் மழை வருமா வராதா என்று சொல்லிக்கொண்டே இருப்பார், பாதி நாள் சரியாகவும் இருந்தது, அவருக்காகவே அந்த வீட்டில் கடலை காயப்போடும் நாளைத் தீர்மானித்தார்கள். வண்டி ஏறினாலே குமட்டுகிற ஒரு சித்தப்பாவின் மிச்சத்தோடு வந்த வண்டியை மட்டும் எவனும் வாங்கவில்லை. தன் மிச்சத்தைப் பார்க்க ஆசைப்பட்டு ஈரோட்டிலிருந்து ஒரு அம்மாள் வந்து, அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "நானா இத்தனை பேசறேன்?" என்று முகம் செத்துப்போய் இறங்கினார்கள், அதற்குப் பிறகு அந்த அம்மாள் வீட்டில் அதிகம் பேசுவதில்லை என்று கேள்வி.

இதற்கும் வண்டியின் கோளாறுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பது சில மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு வண்டிக்குக் கிளட்ச் மாற்றினார்கள், அதிலிருந்த மீசைக்காரர் காணாமல் போனார். ஓட்டுகிற காலமெல்லாம் இடது காலைக் கிளட்ச் மேலேயே வைத்து ஓட்டியே அதைத் தேய்த்தவர் அவர். நீண்ட தூரம் விரட்டி வந்து, நின்ற உடனே இன்ஜினை அணைத்து அணைத்து டர்போவைக் கெடுத்த ஒருவர், டர்போ மாற்றியதும் போய்விட்டார். ஆக, கோளாறை உண்டாக்கியவர்தான் உள்ளே தங்குகிறார், அதைச் சரிசெய்தால் இறங்கிவிடுகிறார் என்று ஊருக்கு விளங்கியது. வண்டித் தரகர்கள் உடனே பேச்சை மாற்றிக்கொண்டார்கள். ஒரே உரிமையாளர், இன்சூரன்ஸ் இருக்கிறது என்று சொன்ன வாயால் "காலி வண்டிங்க, ஒரு ஆள் இல்லை" என்றார்கள். காலி வண்டி என்றால் கோளாறு இல்லாத வண்டி. விலையும் அதற்குத் தக்கபடி ஏறியது.

பழைய மாட்டுச் சந்தை நடந்த வேப்பந்தோப்பில்தான் இப்போது வியாழக்கிழமைதோறும் வண்டிச் சந்தை. நாச்சிமுத்து தன்னோடு படித்த ஜாபரை அழைத்துக்கொண்டு போனான். ஜாபர் காங்கயம் ரோட்டில் ஒர்க்ஷாப் வைத்திருந்தான். வாயைத் திறந்தால் வசவுதான் வரும், ஆனால் கை சுத்தம்.

"வர்றோம்னு முன்னாடியே யாருக்கும் போன் பண்ணிச் சொல்லலியே?" என்றான் ஜாபர்.

"இல்லடா."

"சொல்லியிருந்தா இன்ஜினச் சூடு பண்ணி வெச்சிருப்பானுங்க. சூடான இன்ஜினு எல்லாம் நல்லாத்தான் ஸ்டார்ட் ஆகும். கல்யாண வீட்டுல எல்லாரும் சிரிச்ச மொகமா நிக்கற மாதிரி."

முதலில் பார்த்தது ஒரு வெள்ளை ஏழு சீட்டு வண்டி. ஜாபர் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான், ஜில்லென்றிருந்தது. சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்று புகையைப் பார்த்தான். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, வெள்ளையாக நிற்காமல் வந்தால் தண்ணீர் எரிகிறது, கறுப்பாக வந்தால் டீசல் முழுதாக எரியவில்லை என்று நாச்சிமுத்துவுக்கு நேற்றே பாடம் நடத்தியிருந்தான். இதில் ஒன்றும் வரவில்லை. வெள்ள நீரில் நின்ற வண்டியா என்று சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேறு இருக்கிறதா என்று பார்த்தான். அடியில் படுத்துத் துருவைத் தேடினான். மேட்டில் ஏற்றி, மூன்றாவது கியரில் மிதித்தான். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் போச்சு என்று அர்த்தம், இது சத்தத்தோடு சேர்ந்து வேகமும் ஏறியது. வேகத்தடையில் ஏற்றி இறக்கினான், டக்கென்று ஒரு சத்தம் இல்லை. டயர் நான்கும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தன. உள்ளே ஆளும் இல்லை.

"கண்ண மூடிட்டு வாங்கு," என்றான் ஜாபர். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது அபூர்வம்.

நாச்சிமுத்து உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினான். சந்தைச் சத்தம் நின்றது. பின்னால் திரும்பி இரண்டு வரிசை இருக்கைகளைப் பார்த்தான். அவனுடைய சாளைக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு மேல் அவனால் அங்கே உட்கார முடியவில்லை.

"வேற ஒண்ணு பாக்கலாம்," என்று இறங்கினான். ஜாபர் அவனைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

தோப்பின் கோடியில் சாம்பல் நிறத்தில் ஒன்று நின்றது. ஆயில் மூடியைத் திறந்த ஜாபர் மூக்கைச் சுளித்தான். மூடியின் உள்புறம் பால் விட்ட டீயைப்போலப் பழுப்பாக நுரைத்துக் கிடந்தது. ஸ்டார்ட் செய்தால் பின்னால் வெள்ளைப் புகை வந்துகொண்டேயிருந்தது. "ஹெட் கேஸ்கெட். தண்ணியும் ஆயிலும் கலக்குது. ரேடியேட்டரப் பாரு, உப்புப் பாறை. போருத் தண்ணிய ஊத்தி ஊத்தி வெச்சிருக்காங்க. இது வண்டி இல்ல, தண்ணித் தொட்டி. வா போலாம்," என்றான்.

ஆனால் நாச்சிமுத்து அதற்குள் கதவைத் திறந்துவிட்டான். நடுவரிசையில் இடது ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும், பச்சைப் பருத்திப் புடவை, மடியில் ஒரு பெரிய தண்ணீர்ப் பாட்டில். மேடேறும்போதெல்லாம் வண்டி கொதித்திருக்கும், புருஷன் ஓரங்கட்டியிருப்பான், இவள் இறங்கி வீட்டுப் போர்வெல் தண்ணீரை ஊற்றியிருப்பாள்; அந்த உப்புதான் ரேடியேட்டரை அடைத்து இன்ஜினைத் தின்றது. அவள் முன்சீட்டுப் பக்கம் லேசாகச் சாய்ந்து, "ஏனுங்க, கதவப் பூட்டிட்டீங்ளா?" என்று கேட்டாள்.

கேட்டது அவனை இல்லை என்பது அவனுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லையே. "பூட்டிட்டனுங்க," என்றான்.

அவள் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டாள். எப்போதோ யாரோ சொன்ன பதிலுக்காக அவள் சாய்ந்த சாய்வு அது. அம்மா போன பிறகு, பூட்டினாயா, தின்றாயா, வந்துவிட்டாயா என்று ஒரு ஆத்மா அவனைக் கேட்டதில்லை. அவன் அந்த வண்டியை வாங்கினான். ஜாபர் திரும்பி வருகிற வழி முழுவதும் பேசவில்லை, பேசாமலே திட்டினான்.

அதற்குப் பிறகு நாச்சிமுத்துவுக்கு வெளியே போக வேலைகள் வந்தபடியே இருந்தன. ஒரு பை யூரியாவுக்கு ஈரோடு போனான். பக்கத்துக் கடையில் கிடைக்கிற சாமானுக்குத் தாராபுரம் போனான். மஞ்சள் விலை கேட்க, போனில் கேட்கலாம், நேரில் போனான். சாளையை விட்டு வண்டி நகர்ந்ததும், "ஏனுங்க, கதவப் பூட்டிட்டீங்ளா?" என்பாள். "பூட்டிட்டனுங்க" என்பான். கொஞ்ச தூரம் போனதும், "அடுப்ப நிறுத்துனனா, இல்லியா?" என்பாள். "நிறுத்திட்டீங்க, நிறுத்திட்டீங்க" என்பான். எதிரே லாரி வந்தால், "மெதுவாப் போங்க, என்ன அவசரம்?" என்பாள். "மெதுவாத்தானுங்க போறேன்" என்பான். அவளுடைய இடைவெளிகள் எங்கே எங்கே விழும் என்பது அவனுக்கு மனப்பாடமாகி, ஒரு பதிலைக்கூட முந்தியோ பிந்தியோ சொல்லாமல், கோயில் மணிக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற மாதிரி சரியாகச் சொல்லப் பழகிக்கொண்டான். பதில் சொல்லும்போது உள்கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்ப்பான். பார்க்கிற நேரத்தில் வண்டி இடதுபக்கமாக இழுத்துப் போய், தார் ரோட்டு விளிம்பை விட்டு மண்ணில் இறங்கித் தடுக்கென்று ஏறும்.

ஊர் இதை வழக்கம்போல ஏற்றுக்கொண்டது. ரேஷன் கடையில், "ஊட்டுக்காரங்களக் கூட்டிட்டு வரலீங்ளா?" என்று கேலி செய்தார்கள், பிறகு கேலி தேய்ந்து, நிஜமாகவே விசாரிக்க ஆரம்பித்தார்கள். மஞ்சள் வேகவைக்க வருகிற பெண்கள் வண்டியின் பக்கம் நடக்கும்போது அவளுக்கு ஒரு தலையாட்டு ஆட்டிவிட்டுப் போனார்கள். பொங்கலுக்கு யாரோ ஒருத்தி ஜன்னல் வழியாகச் சீட்டில் ஒரு முழம் பூ வைத்துவிட்டுப் போயிருந்தாள். நாச்சிமுத்து அதை எடுக்கவில்லை, தானாகக் காயட்டும் என்று விட்டுவிட்டான்.

ஒரே ஒருவருக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏற்கெனவே ஒருத்தி உக்காந்திருக்கற வண்டீல எவ வந்து ஏறுவா?" என்று குதித்தார் அர்த்தநாரி. இரண்டு வீட்டில் பெண் பார்த்து, இரண்டு வீட்டுக்காரர்களும் வழியனுப்ப வண்டி வரைக்கும் வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, அதோடு சம்பந்தப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். "அந்தப் பொம்பளை அசலு திருப்பூர்ல புருசன் புள்ளையோட இருக்கறா. நீ அவ மிச்சத்துக்குப் பதில் சொல்லீட்டு இருக்கற. அவளுக்கு உன் பேரு தெரியுமா?"

"தெரியாதுங்க."

"நீ ஒருத்தன் இருக்கறதே தெரியாது. கடைசியா ஒரு எடம் இருக்குது. பாலக்காட்டுப் பக்கம், வேலந்தாவளம். நம்ம பேச்சுத்தான் பேசுவாங்க. பேரு கோமளா. புருசன் போயி ஆறு வருசம், புள்ளை இல்லை, பிளவுசு தெச்சுத் தன் சோத்தத் தானே திங்கறா. அவளுக்கு ரெண்டாங்கல்யாணம்னு யோசிச்சீன்னா, நான் பையத் தூக்கீட்டுப் போயிருவேன்."

"யோசிக்கலீங்க," என்றான் நாச்சிமுத்து. நிஜமாகவே யோசிக்கவில்லை. அவன் யோசித்தது வேறு ஒன்றை.

வண்டி வேறு நாளுக்கு நாள் தண்ணீர் குடித்தது. கோபி டவுனுக்குப் போய் வருவதற்குள் மூன்று முறை நிறுத்தி ஊற்ற வேண்டியிருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பாதி தூரம்கூடப் போகாது, இன்ஜின் பிடித்துக்கொண்டு நின்றுவிடும், அப்புறம் பழைய இரும்புக்காரன்தான் வருவான் என்று ஜாபர் சொல்லிவிட்டான்.

ஜாபரின் ஒர்க்ஷாப்பில் பானெட் திறந்திருந்தது. நாச்சிமுத்து நடுக்கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான். "கொஞ்சமா மட்டும் ஒழுகற மாதிரி விட முடியாதாடா?" என்று கேட்டான்.

ஜாபர் ஸ்பேனரைக் கீழே வைத்தான். வசவு வரும் என்று நாச்சிமுத்து எதிர்பார்த்தான், வரவில்லை. "முடியாது நாச்சி. கழட்டுனா முழுசாத்தான் போடோணும். இன்ஜின் ஹெட்ட லேத்துக்கு அனுப்பி மட்டம் பாக்கோணும், ரேடியேட்டரு புதுசு. நீ வேண்டாம்னா நான் தொடலை. நீயே சொல்லு."

வண்டிக்குள் அவள், "அடுப்ப நிறுத்துனனா, இல்லியா?" என்றாள்.

"நிறுத்திட்டீங்க," என்றான் நாச்சிமுத்து. பிறகு கைப்பிடியை விட்டான். "கழட்டுடா," என்று சொல்லிவிட்டு, ரோட்டைத் தாண்டிப் போய், பஸ் நிறுத்தத்தில், எந்த பஸ்ஸிலும் ஏறாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

அந்த வாரம் முழுக்க அவன் யாரோடும் பேசவில்லை. பெண் பார்க்கப் போகிறவன் முகத்தில் இருக்க வேண்டிய ஒன்றும் இல்லை. வேகாத சோற்றைத் தின்றான், கிணற்று மேட்டில் உட்கார்ந்தான், எங்கும் போகவில்லை. யாராவது கேட்டிருந்தால், துக்கம் என்றே சொல்லியிருப்பான். ஆனால் யார் செத்தார்கள் என்று அடுத்து கேட்பார்களே.

பெண் பார்க்கிற நாள் காலையில் ஜாபர் வண்டியைக் கொண்டுவந்து சாளையின் முன்னால் நிறுத்தினான். புகை இல்லை, சத்தம் இல்லை, தையல் இயந்திரம்போல இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஜாபர் முகம் சரியில்லை.

"அந்தம்மா போயிருச்சு," என்றான். "ஆனா வண்டி காலியாகலை. நீயே வந்து பாரு."

நாச்சிமுத்து போய்ப் பார்த்தான். நடுவரிசையில், அவள் உட்கார்ந்திருந்த அதே இடத்துக்கு அடுத்த இருக்கையில், அவனே உட்கார்ந்திருந்தான். அதே கட்டம்போட்ட சட்டை, அதே முன்வழுக்கை. பக்கத்திலிருந்த காலி இடத்தின் பக்கம் முகத்தைத் திருப்பி, மிக மரியாதையாக, "பூட்டிட்டனுங்க," என்றான்.

"முன்னாடி எடது டயர் உள்பக்கம் கம்பி தெரியத் தேஞ்சு கெடந்துச்சு," என்றான் ஜாபர். "நீ ரோட்டப் பாத்து எங்க ஓட்டுன? கண்ணாடியப் பாத்தே ஓட்டி, ரோட்டு விளிம்புல ஏத்தி எறக்கியே சக்கரத்தோட அலைன்மென்ட்டக் கெடுத்து வெச்சிருக்கற. டயர மாத்திட்டேன். அலைன்மென்ட்டுக்கு ஈரோடு போயி மெசின்ல ஏத்தோணும். இன்னிக்கு நேரமில்லை, அதுவரைக்கும் நீ எறங்கமாட்ட."

வண்டியை விற்காமலே மிச்சம் எப்படி வந்தது, ஓட்டியவன் ஏன் நடுவரிசையில் உட்கார்ந்திருக்கிறான் என்று ஜாபரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவன் மனசு எங்கே உட்கார்ந்திருந்ததோ அங்கேதானே மிச்சமும் உட்காரும்.

அர்த்தநாரி வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு தொழில்காரர் அல்லவா, விரலை மடக்கி எண்ணினார். சேர்த்துவைத்த தூரத்துச் சொந்தங்களில் ஒருவர் காய்ச்சலென்று வராமல் போனதால் நாச்சிமுத்துவையும் சேர்த்து ஆறு பேர்தான் இருந்தார்கள். "நீயே ரெண்டாளு. ஏழு சரியாப் போச்சு, ஏறுங்க," என்றார். மிச்சத்தின்மேல் யாரும் உட்கார மனமில்லாமல், பக்கத்தில் தூரத்துச் சொந்தம் ஒருவர் ஒடுங்கிக்கொண்டு உட்கார, வண்டி கிளம்பியது. கணவாயில் காற்று எதிரே வந்து முட்டியது, வண்டி அசரவில்லை, ஒரு முறைகூடத் தண்ணீர் கேட்கவில்லை. நாச்சிமுத்து ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினான். பின்னாலிருந்து அவன் குரலே, "நிறுத்திட்டீங்க, நிறுத்திட்டீங்க," என்று சொல்லிக்கொண்டு வந்தது. அதுவரை அந்தப் பதில்களைக் கேள்வியோடு சேர்த்தே கேட்டவன், கேள்வி இல்லாமல் இப்போதுதான் கேட்கிறான். ஒரு மனுசன் இத்தனை தனியாகவா இருப்பான் என்று, யாரோ ஒரு அந்நியனை நினைத்து வருத்தப்படுவதுபோல வருத்தப்பட்டான்.

வேலந்தாவளத்தில் தென்னந்தோப்பை ஒட்டி ஓட்டு வீடு. நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, காற்றைப் பற்றியும் தேங்காய் விலையைப் பற்றியும் பேசினார்கள். காப்பி வருவதற்கு முன்னால் பெண்ணின் தாய்மாமன் எழுந்து, "மாப்ளை வண்டியப் பாக்கலாமுங்ளா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார். அர்த்தநாரியின் கையிலிருந்த பஜ்ஜி அங்கேயே நின்றது. நாச்சிமுத்து வேகமாக எழுந்து அவருக்குப் பின்னால் போனான்.

மாமன் பானெட்டைத் தட்டினார், டயரை மிதித்தார், பிறகு கண்ணாடியில் கையை வைத்து உள்ளே பார்த்தார். பார்த்துவிட்டு நாச்சிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார். "சொந்த ஆளுத்தானுங்களே மிச்சம்? வேற பொம்பளை கிம்பளை இல்லீங்களே? அப்பறமென்ன," என்று சொல்லிவிட்டு, கேசரி ஆறிவிடும் என்று உள்ளே போய்விட்டார். அந்த ஊரும் பழகிப்போன ஊர்தான்.

நாச்சிமுத்து உள்ளே போகவில்லை. வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான். அப்போது காப்பி டம்ளரோடு கோமளா வெளியே வந்தாள். மாப்பிள்ளை வாசலில் நிற்கிறார், அங்கேயே கொண்டுபோய்க் கொடு என்று அனுப்பியிருப்பார்கள். நீல நிறச் சேலை, விரல் நுனியில் ஊசி குத்திய தழும்புகள், குனியாத தலை. டம்ளரை அவனிடம் நீட்ட வந்தவள், திறந்திருந்த ஜன்னல் வழியாக வந்த குரலைக் கேட்டு நின்றுவிட்டாள்.

"பூட்டிட்டனுங்க," என்றது உள்ளிருந்த மிச்சம். கொஞ்ச நேரம் பொறுத்து, "நிறுத்திட்டீங்க, நிறுத்திட்டீங்க," என்றது. மறுபடி பொறுத்து, "மெதுவாத்தானுங்க போறேன்," என்றது. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

அவள் அவசரப்படவில்லை. காப்பியின் ஆவி அடங்குகிற வரை, அந்தப் பாதிப் பேச்சை முதலிலிருந்து கடைசி வரை இன்னொரு முறை வருகிற வரைக்கும் நின்று கேட்டாள். உள்ளே அர்த்தநாரி சத்தமாக யாருக்கோ கிணற்றின் ஆழத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"யாருக்குங்க பதில் சொல்றீங்க?" என்று கேட்டாள்.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் சாளையில் மூன்று வருடமாகச் சேர்ந்து கிடந்த பேச்சு முந்திக்கொண்டது. "முன்னாடி இந்த வண்டீல ஒரு அம்மா இருந்தாங்க. கேட்டுக்கிட்டே இருப்பாங்க. என்னைய இல்லீங்க, அவங்க ஊட்டுக்காரர. ஆனா... கேக்கறதுக்கு எனக்கு வேற ஆளில்லீங்க. அதனால நான் சொன்னேன்."

"இப்ப அவங்க எங்கீங்க?"

"வண்டிய ரிப்பேரு பண்ணிட்டேனுங்க. எறங்கிட்டாங்க."

அவள் ஜன்னலுக்குள் பார்த்தாள். பின்பு வெளியே நிற்கிறவனைப் பார்த்தாள். இரண்டில் எது அசல் என்று பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. ஆறு வருடம் தையல் இயந்திரத்தைத் தவிர வேறு சத்தமில்லாத வீட்டில் இருந்தவள் அவள். அதை அவன் அப்போது அறியமாட்டான், ஆனால் அவளுக்கு அந்தப் பாதிப் பேச்சு புரிந்தது.

"பூட்டிட்டேன்னு இத்தனை தடவை சொல்றீங்களே. நெசமாப் பூட்டுனீங்ளா?" என்று கேட்டாள்.

அவனை, அவன் முகத்தைப் பார்த்து, அவன் கதவைப் பற்றிக் கேட்ட கேள்வி. மனப்பாடமாக இருந்த பதில் வரவில்லை.

"ஒருநாளும் பூட்டுனதில்லீங்க," என்றான். "பூட்டறதுக்கு உள்ள ஒண்ணுமில்லீங்க."

கோமளா ஆறிப்போன காப்பியை அவன் கையில் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கிற வரை, தென்னந்தோப்பைப் பார்த்தபடி பக்கத்திலேயே நின்றாள்.

"போற வழீல நல்ல பூட்டா ஒண்ணு வாங்கீட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டு, காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.